இரண்டாவது சறுக்கல்: உலக சம்பியன் மைக் ஹோதோர்னின் கதை

இலண்டனின் தென்மேற்கே ரொல்வேர்த், நியூ மோல்டன் பக்கம் வாழும் எம்மவருக்கு ஏ3 வீதி பழகிப்போன வீதி. பலசரக்குக் கடைக்கும் கோயிலுக்கும் பிள்ளைகளின் ரியூசனுக்கும் அதில் ஏறி இறங்காத வாரம் இல்லை. அதே வீதியில் போட்ஸ்மத் பக்கமாக அரை மணித்தியாலம் ஓடினால் கில்ட்போர்ட் நகரம் வரும். நகரத்துக்குள் நுழையாமல் அதைச் சுற்றிப்போகும் அந்தப் புறவழியில், 1959 ஜனவரி 22ஆம் திகதி நண்பகலை அண்டிய நேரத்தில், இலண்டன் பக்கமாகப் போன ஒரு ஜாகுவார் கார் ஈர வீதியில் சறுக்கி, எதிரே வந்த லொறியில் உரசி, ஓரத்து மரமொன்றில் மோதியது. அதை ஓட்டியவர் மைக் ஹோதோர்ன். வயது 29. மூன்று மாதங்களுக்கு முன்னர்தான் போர்மியூலா வண் பந்தயத்தின் உலக சம்பியன் ஆகியிருந்தார். அந்தப் பட்டத்தை வென்ற முதல் பிரித்தானியர் அவர்.

சறுக்கும் காரைப் பிடித்து நிறுத்துவதையே தொழிலாகக் கொண்டிருந்த ஒருவர், தனக்கு நன்கு தெரிந்த வீதியில், தனக்கு நன்கு தெரிந்த காரில், ஒரு சறுக்கலில் இறந்துபோனார். இது எப்படி நடந்தது என்று விளங்கிக்கொள்வது எங்கள் பிள்ளைகளுக்குப் பயன்படும் என்று நினைத்துத்தான் இதை எழுதுகிறோம்.

நாங்கள் கணக்கு எழுதிப் பிழைக்கிறவர்கள். கார்ப் பந்தயம் எங்கள் துறை அல்ல. ஆனால் எங்களிடம் வரும் வியாபாரிகளில் வருடத்துக்கு ஒருவராவது, மகன் கேட்கிற ஸ்போர்ட்ஸ் காரைக் கம்பனிக் கணக்கில் போடலாமா என்று கேட்பார். போடலாம், ஆனால் அதற்கான வரி தனிப்பட்ட வருமானத்தில் வந்து ஏறும் என்று சொன்னதும் பேச்சு வேறு பக்கம் போய்விடும். அந்தக் காரின் எஞ்சின் முன்சில்லுகளைச் சுற்றுகிறதா, பின்சில்லுகளைச் சுற்றுகிறதா என்று இதுவரை ஒரு தகப்பனும் கேட்டதில்லை. இளம் பெடியளின் செத்தவீடுகளில் நாங்களும் நின்றிருக்கிறோம். அங்கே எல்லோரும் வேகம், வேகம் என்றே சொல்லிக்கொள்வார்கள். வேகம் உண்மைதான். ஆனால் அதே வேகத்தில் போன எத்தனையோ கார்கள் வீடு திரும்பியும் இருக்கின்றன. வேகத்துக்கும் மரத்துக்கும் இடையில் இரண்டு மூன்று விநாடிகளில் என்ன நடக்கிறது என்பதைப் பற்றி யாரும் பேசுவதில்லை.

ஹோதோர்ன் பிறந்தது 1929 ஏப்ரல் 10ஆம் திகதி, யோக்‌ஷயரில் மெக்ஸ்பரோ என்ற ஊரில். தகப்பன் லெஸ்லி ஹோதோர்ன் மோட்டார் சைக்கிள் பந்தயக்காரர். எஞ்சின்களைத் திருத்தி வேகம் கூட்டுவதில் கெட்டிக்காரர். மகன் கைக்குழந்தையாக இருக்கும்போதே குடும்பத்தோடு தெற்கே வந்து, சறே மாவட்டத்தில் பார்ன்ஹாம் என்ற ஊரில் ஒரு கராஜை வாங்கினார். ரூரிஸ்ட் ட்ரோபி கராஜ் என்று பெயர். பக்கத்தில்தான் புறூக்லண்ட்ஸ் பந்தயத் திடல். பையன் வளர்ந்தது கிறீஸ் மணத்துக்குள். பள்ளிக்கூடம் முடிந்ததும் கில்ட்போர்ட்டில் லொறிகளும் தீயணைப்பு வண்டிகளும் செய்யும் டெனிஸ் தொழிற்சாலையில் வேலை பழகினார். பின்னாளில் அவர் உயிர் போன நகரத்தில்தான் தொழிலும் படித்தார்.

1950இல் பழைய றைலி கார் ஒன்றில் சின்னப் பந்தயங்களில் ஓடத் தொடங்கினார். இரண்டு வருடத்துக்குள் பெயர் எழும்பிவிட்டது. 1952 ஈஸ்டர் விடுமுறையில் குட்வுட் திடலில், கூப்பர்-பிறிஸ்ரல் என்ற சிறிய காரில், ஒரே நாளில் இரண்டு பந்தயங்களை வென்று மூன்றாவதில் இரண்டாவதாக வந்தார். அடுத்த வருடமே இத்தாலியிலிருந்து பெராரி அழைத்தது. 24 வயது. ஆறடிக்கு மேல் உயரம், பொன்னிறத் தலைமயிர், கழுத்தில் வண்ணத்துப்பூச்சி மாதிரி ஒரு 'போ ரை'. பந்தயம் ஓடும்போதும் அதைக் கழற்றுவதில்லை.

1953 ஜூலையில் பிரான்ஸின் றைம்ஸ் திடலில் நடந்த பந்தயத்தைப் பழையவர்கள் இன்றைக்கும் சொல்வார்கள். ஆர்ஜென்ரீனாவின் ஃபாஞ்சியோ மசராட்டி காரில்; ஹோதோர்ன் பெராரியில். வயல்களுக்கு நடுவே நீண்ட நேர்ப்பாதையில் இரண்டு கார்களும் சுற்றுக்குச் சுற்று பக்கத்தில் பக்கத்தில் ஓடின. 60 சுற்றுகள் முடிய ஒரு விநாடி வித்தியாசத்தில் ஹோதோர்ன் வென்றார். உலக சம்பியன் பட்டத்துக்கான கிராண்ட் பிறீ ஒன்றை ஒரு பிரித்தானியர் வென்றது அதுதான் முதல் தடவை.

அந்தக் காலத்துப் பந்தயக் காரின் தன்மையை இந்த இடத்தில் கொஞ்சம் சொல்லவேண்டும். எஞ்சின் முன்னுக்கு, வலு முழுவதும் பின்சில்லுகளுக்கு. ரயர்கள் ஒடுங்கியவை, உயரமானவை. இன்றைய ரயர் மாதிரி ஒட்டிப்பிடித்து நின்று ஓரிடத்தில் திடீரென்று கைவிடுவதில்லை. கொஞ்சம் கொஞ்சமாக வழுக்கி, வழுக்குகிறேன் என்று சாரதிக்குச் சொல்லிக்கொண்டே வழுக்கும். ஆகவே வளைவில் காரை வேண்டுமென்றே நான்கு சில்லிலும் சறுக்கவிட்டு, ஸ்ரேறிங்கைச் சிறிதளவே அசைத்து, அக்சிலேற்றரால் காரைத் திருப்புவதுதான் அன்றைய வித்தை. ஃபாஞ்சியோ, மொஸ், ஹோதோர்ன் எல்லோரும் அந்த வித்தைக்காரர்கள்தான். அவர்களுக்குச் சறுக்கல் என்பது விபத்து அல்ல, அன்றாட வேலை.

1954 அவருக்குக் கெட்ட வருடம். சிசிலியில் சைரக்கியூஸ் பந்தயத்தில் கார் தீப்பிடித்துக் கையும் காலும் எரிந்தன. அவர் தேறி வருகிற நேரத்தில், குட்வுட்டிலிருந்து வீடு திரும்பிய தகப்பன் வீதி விபத்தில் இறந்துபோனார். இதற்கிடையில் பிரித்தானியப் பத்திரிகைகள், கட்டாய இராணுவ சேவைக்குப் போகாமல் வெளிநாட்டில் கார் ஓட்டிப் பணம் சேர்க்கிறார் என்று அவரைத் திட்டித் தீர்த்தன. உண்மை வேறு. அவருக்குச் சிறுநீரக வருத்தம் இருந்தது. ஒரு சிறுநீரகத்தை அகற்றவேண்டி வந்தது. மற்றதும் நல்ல நிலையில் இல்லை. இதை அவர் ஊருக்குச் சொல்லித் திரியவில்லை. நீண்ட ஆயுள் தனக்கு இல்லை என்று அறிந்த மனிதரின் துணிச்சலோ அது என்று எங்களுக்குப் படுவதுண்டு.

1955 லு மொன்ஸ் 24 மணித்தியாலப் பந்தயத்தைப் பற்றி நீட்டி எழுத மனம் வரவில்லை. ஹோதோர்ன் தன் ஜாகுவாரை நிறுத்துமிடத்துக்குத் திருப்பப் பிறேக் பிடித்தார். பின்னால் வந்த ஒஸ்ரின்-ஹீலி கார் விலகியது. அதற்குப் பின்னால் பெருவேகத்தில் வந்த மேர்சிடிஸ் அதன்மேல் ஏறிப் பறந்து பார்வையாளர்களுக்குள் விழுந்தது. 80 பேருக்கு மேல் இறந்தனர். விசாரணை எந்தச் சாரதியையும் குற்றவாளி ஆக்கவில்லை. ஹோதோர்னும் அவருடைய கூட்டாளி ஐவர் பியூப்பும் அந்தப் பந்தயத்தை வென்றார்கள். அந்த வெற்றியைச் சுற்றி எழுந்த பழிச்சொல் அவர் சாகும்வரை கூடவே வந்தது.

இனி 1958. பெராரி அணியில் ஹோதோர்னும் பீற்றர் கொலின்ஸும் சகோதரர் மாதிரித் திரிந்தார்கள். ஜூலையில் றைம்ஸில் ஹோதோர்ன் வென்றார். அதே பந்தயத்தில் அவர்களுடைய அணியின் லூய்ஜி முஸோ விபத்தில் இறந்தார். ஓகஸ்ட் 3ஆம் திகதி ஜேர்மனியின் நூர்பேர்க்றிங் திடலில், ஹோதோர்னின் கண்ணுக்கு முன்னாலேயே கொலின்ஸின் கார் வளைவில் அகன்று வெளியே பறந்தது. கொலின்ஸ் அன்றே இறந்தார். இந்த வருடத்தோடு போதும் என்று ஹோதோர்ன் முடிவெடுத்ததற்கு அந்த மரணம்தான் காரணம்.

பட்டத்துக்கு அவரோடு போட்டியிட்டவர் வான்வோல் அணியின் ஸ்ரேர்லிங் மொஸ். மொஸ் அந்த வருடம் நான்கு பந்தயம் வென்றார், ஹோதோர்ன் ஒன்றே ஒன்று. ஆனால் ஹோதோர்ன் ஐந்து முறை இரண்டாவதாக வந்தார். ஐந்து முறை பந்தயத்தின் அதிவேகச் சுற்றை ஓடினார். அதற்கு அப்போது தலா ஒரு புள்ளி. ஓடிய பந்தயங்களில் சிறந்த ஆறு மட்டுமே கணக்கில் சேரும். முடிவில் ஹோதோர்னுக்கு 42, மொஸ்ஸுக்கு 41.

இதில் ஒரு கணக்கு இருக்கிறது. எங்களைப் போன்றவர்களால் அதைப் பார்க்காமல் போக முடியாது. போர்த்துக்கல் பந்தயத்தின் கடைசிச் சுற்றில் ஹோதோர்னின் கார் சுழன்று எஞ்சின் நின்றுவிட்டது. இறங்கித் தள்ளி உயிர்ப்பித்து இரண்டாவதாக முடித்தார். பந்தயம் போகும் திசைக்கு எதிராகத் தள்ளினார் என்று நடுவர்கள் அவரை நீக்கப் பார்த்தபோது, அது ஓடுபாதையில் அல்ல, நடைபாதையில் என்று அவருக்காகச் சாட்சி சொன்னவர் மொஸ். அந்தப் பந்தயத்தில் ஹோதோர்னுக்குக் கிடைத்தவை 7 புள்ளிகள். அதை எடுத்துவிட்டு, ஆறாவது பந்தயமாக ஆர்ஜென்ரீனாவில் கிடைத்த 4ஐச் சேர்த்தால் 39தான் வரும். மொஸ் தன் வாயாலேயே தன் பட்டத்தை விட்டுக்கொடுத்தார். அதன்பிறகு மொஸ் ஒருபோதும் உலக சம்பியன் ஆகவில்லை.

ஒக்ரோபர் 19இல் மொரோக்கோவில் கடைசிப் பந்தயம் முடிந்தது. அதிலும் ஸ்ருவர்ட் லூயிஸ்-எவன்ஸ் என்ற இளைஞர் எரிகாயப்பட்டு சில நாட்களில் இறந்தார். ஹோதோர்ன் பட்டத்தை வாங்கிக்கொண்டு பந்தயத்திலிருந்து விலகிவிட்டார். கராஜைப் பார்ப்பது, கலியாணம் முடிப்பது; அதுதான் திட்டம்.

ஜனவரி 22 காலை மழை பெய்து வீதி நனைந்திருந்தது. காற்றும் பலமாக இருந்தது. ஹோதோர்ன் பார்ன்ஹாமிலிருந்து இலண்டனுக்குப் புறப்பட்டார். அவரிடம் இருந்தது ஜாகுவார் 3.4; பார்வைக்குக் குடும்பக் கார், உள்ளே இருப்பது ஸ்போர்ட்ஸ் காரின் ஆறு சிலிண்டர் எஞ்சின், 210 குதிரைவலு. வழியில் ரொப் வோக்கரைக் கண்டார். வோக்கர் விஸ்கிக் குடும்பத்துப் பிள்ளை, சொந்தமாகப் பந்தய அணி நடத்தியவர், ஹோதோர்னின் நண்பர். அவர் ஓட்டிவந்தது மேர்சிடிஸ் 300 எஸ்எல், கதவு மேல்நோக்கித் திறக்கும் அந்தப் பிரபலமான கார். இரண்டு பேரும் புறவழியில் ஒருவரை ஒருவர் விரட்டினார்கள். அந்த வீதிகளில் அன்றைக்கு வேகக் கட்டுப்பாடு கிடையாது; 70 மைல் என்ற எல்லை வந்தது 1965 முடிவில்தான். ஹோதோர்ன் வோக்கரைக் கடந்துபோனார். வலப்பக்க வளைவில் ஜாகுவாரின் பின்பக்கம் வெளியே விலகியது.

வோக்கர் முதலில் பதறவில்லை. மைக் ஓட்டும் காரின் பின்பக்கம் விலகுவது புதினமா? ஒரு கணத்தில் நேராகிவிடும் என்றுதான் எதிர்பார்த்தார். அது நேராகவில்லை. கார் முழுதாகத் திரும்பி வீதியின் மறுபக்கம் போய்விட்டது.

இனி நாங்கள் முதலில் கேட்ட கேள்விக்கு வருவோம். ரயரின் பிடியை ஒரு வங்கிக் கணக்காக நினைத்துக்கொள்ளுங்கள். இருப்பு ஒன்றுதான். காரை முன்னே தள்ளுவதற்கும் அதிலிருந்துதான் எடுக்கவேண்டும். வளைவில் கார் பக்கவாட்டாகப் போகாமல் தாங்குவதற்கும் அதிலிருந்துதான் எடுக்கவேண்டும். முன்சில்லை எஞ்சின் சுற்றும் காரில் தள்ளுகிற செலவு முன்சில்லுக் கணக்கில் விழும். அளவுக்கு மீறினால் முன்பக்கம் வளையாமல் நேரே போகும். பயத்தில் காலை எடுப்பீர்கள். எடுத்தவுடன் பாரம் முன்னுக்கு வந்து முன்சில்லுகள் பிடிக்கும். பயமே மருந்தாகிவிடுகிறது. பின்சில்லை எஞ்சின் சுற்றும் காரில் இது தலைகீழ். ஈர வளைவில் அக்சிலேற்றரைக் கொஞ்சம் கூட அழுத்தினால் பின்சில்லுக் கணக்கு வற்றிப்போகும். பின்பக்கம் வெளியே விலகும். அப்போது பயத்தில் காலைச் சடாரென்று எடுத்தால், பாரம் முன்னுக்குப் போய் ஏற்கெனவே பிடியிழந்த பின்சில்லுகள் இன்னும் இலேசாகும். எஞ்சின் இழுத்துப் பிடிப்பதும் அதே பின்சில்லுகளில்தான். வற்றிய கணக்கிலிருந்து மேலும் எடுக்கிற வேலை. மைக்ராவிலும் கோர்சாவிலும் பழகிய பிள்ளை, இரண்டு வருடம் கழித்து பழைய பிஎம்டபிள்யூ ஒன்றில் ஏறும்போது, அதன் காலுக்குத் தெரிந்த ஒரே பாடம் பிழையான பாடமாக இருக்கிறது.

ஆனால் பெரும்பாலானவர்கள் இந்த முதற் சறுக்கலில் அழிவதில்லை. கை தானாகவே ஸ்ரேறிங்கைச் சறுக்கும் பக்கத்துக்குத் திருப்பிவிடும். பின்பக்கம் இடப்பக்கமாகப் போனால் ஸ்ரேறிங்கும் இடப்பக்கம். எல்லோருக்கும் யாராவது சொல்லிக்கொடுத்திருப்பார்கள். காரும் திரும்பி வரத் தொடங்கும். தப்பிவிட்டோம் என்று மூச்சு வாங்குகிற அந்த இடத்தில்தான் பொறி இருக்கிறது.

ஊஞ்சலைப் பாருங்கள். உச்சியில் ஒரு கணம் நிற்கிறது. நடுவுக்கு வரும்போதுதான் அதன் வேகம் ஆகக் கூட. சறுக்கித் திரும்பும் காரும் அப்படித்தான். பக்கவாட்டில் அமுங்கியிருந்த ஸ்பிறிங்குகள் நிமிர்ந்து உதைக்க, அது நேர்க்கோட்டுக்கு வரும்போது நிற்பதில்லை, வேகமாகக் கடக்கிறது. கார் நேராகும் வரை ஸ்ரேறிங்கைத் திருப்பியபடி பிடித்திருந்தவர், அந்தக் கணத்தில் முன்சில்லுகளைப் பக்கவாட்டாகப் பார்க்க வைத்துக்கொண்டு இருக்கிறார். பின்சில்லுகள் பிடித்துவிட்டன, முன்சில்லுகள் இடப்பக்கம் பார்க்கின்றன, கார் ஏற்கெனவே இடப்பக்கம் சுழன்றுகொண்டிருக்கிறது. விளைவு, எதிர்ப்பக்கமாக இரண்டாவது சறுக்கல். அது முதலாவதைவிடப் பெரியது, வேகமானது. அதையும் பிடித்தால் மூன்றாவது இன்னும் பெரியது. வீதியில் ஏற்படும் இத்தகைய விபத்துகளில், முதலில் விலகிய பக்கத்துக்கு எதிர்ப்பக்கத்து மரத்தில் கார் கிடப்பதற்கு இதுதான் காரணம்.

ஆகவே திருப்புவதைவிட, திருப்பியதைத் திரும்ப எடுப்பதுதான் கடினமான பாதி. கார் நேராவதற்கு முன்பே, அது திரும்பத் தொடங்கியவுடனேயே, கை பின்வாங்கத் தொடங்கவேண்டும். கண்ணுக்குத் தெரிவதை வைத்து இதைச் செய்ய முடியாது. மணிக்கு 60 மைலில் ஒரு கார் விநாடிக்கு 27 மீற்றர் போகிறது. பார்த்து, விளங்கி, கையை அசைக்க அரை விநாடி எடுத்தால் 13 மீற்றர் போய்விட்டது; கை செய்வது அரை விநாடி பழைய நிலைமைக்கான பதில். நல்ல சாரதி இதை இருக்கையில் உணர்ந்து முன்கூட்டிச் செய்கிறார். மற்றவர்கள் எப்போதும் ஒரு சறுக்கல் பிந்தியே இருப்பார்கள். இன்னொன்று: மனிதன் பார்க்கும் இடத்துக்கே அவன் கை போகும். மரத்தைப் பார்த்தவன் மரத்துக்குப் போவான். போகவேண்டிய வீதியைப் பார்த்தபடி இருப்பது, சொல்ல இலேசு.

இந்த வேலையை இப்போது இயந்திரம் செய்கிறது. 1995இல் மேர்சிடிஸ் காரில் முதலில் வந்து, 2014 முடிவிலிருந்து ஐரோப்பாவில் விற்கும் எல்லாப் புதுக் கார்களிலும் கட்டாயமாக்கப்பட்ட அந்த ஏற்பாடு, கார் சுழலத் தொடங்கியதை உணர்ந்து, தேவைப்பட்ட ஒரு சில்லுக்கு மட்டும் பிறேக் கொடுக்கிறது. எந்த மனிதக் காலாலும் ஒரு சில்லை மட்டும் தனியே பிறேக் பிடிக்க முடியாது. பெடியள் அதை ஒரு பொத்தானை அழுத்தி நிறுத்தி வைத்துவிட்டுச் சுற்றுவளைவில் ரயர் புகைக்கிறார்கள். அதைக்கூட மன்னிக்கலாம். தேய்ந்த ரயரை பின்சில்லில் விட்டுவிட்டு முன்னுக்குப் புதுசு போடுகிற தகப்பன்மாரை என்ன சொல்வது? சட்டப்படி 1.6 மில்லிமீற்றர் பள்ளம் இருந்தால் போதும் என்பார்கள். ஈர வீதியில் தண்ணீரை வெளியேற்ற அந்தப் பள்ளம் போதாது. நல்ல ரயர் எப்போதும் பின்னுக்குத்தான். நனைத்து வைத்த திடலில் சறுக்கிப் பழக்கிக்கொடுக்கும் இடங்களும் இந்த நாட்டில் இருக்கின்றன. ஒரு நாள் கட்டணம், இளம் சாரதியின் காப்புறுதியோடு பார்த்தால் சில்லறைக் காசு.

இதெல்லாம் தெரிந்த ஹோதோர்ன் ஏன் பிடிக்கவில்லை? மரணத்துக்குப் பிறகு பல விளக்கங்கள் சொல்லப்பட்டன. சிறுநீரக வருத்தத்தால் மயங்கியிருப்பார் என்றனர் சிலர். காரில் ஏதோ இறுகியிருக்கும் என்றனர் வேறு சிலர். எங்களுக்கு அவ்வளவு தூரம் போகத் தேவையில்லை என்றே படுகிறது. அந்த ஜாகுவாரை அளவுநாடாவோடு பார்த்தாலே போதும். முன்சில்லுகள் இரண்டுக்கும் இடைப்பட்ட அகலத்தைவிட பின்சில்லுகளின் அகலம் நாலரை அங்குலம் குறைவு. பாரமான இரும்பு எஞ்சின் முன்னுக்கு. பின்சில்லுகள் இரண்டும் ஒரே முறுக்காத அச்சில். வளைவில் போகும்போது ஒடுங்கிய பின்பக்கத்தில் உட்புறச் சில்லு சட்டென்று இலேசாகிவிடும். 210 குதிரைவலு அதைச் சுழற்றிவிடும். காய்ந்த வீதியில், அகன்ற பந்தயத் திடலில், ஹோதோர்னுக்கு அது விளையாட்டு. அந்த ரகக் காரில் அவர் பந்தயமும் ஓடியவர்.

புறவழியில் இல்லாதது இடம். பந்தயத் திடலில் முதற் சறுக்கல் கொஞ்சம் பெரிதாகிப் போனால் புல்தரை இருக்கிறது. அந்த ஜாகுவாரின் நீளம் 4.6 மீற்றர். இன்றைய அளவில் வீதியின் ஒரு தடம் 3.65 மீற்றர். கார் குறுக்கே திரும்பிய மறுகணமே அது அடுத்த தடத்துக்குள் நிற்கிறது. பந்தயத்தில் சறுக்கலை அவர் வரவழைத்தார். எந்த இடத்தில், எவ்வளவு, எப்போது முடியும் என்பது அவர் கையில் இருந்தது. ஈரத்தில், காற்றில், நண்பனைக் கடந்த உற்சாகத்தில், இந்தச் சறுக்கல் அழைக்காமல் வந்தது. திருத்துவதற்குத் தேவையான நீளமும் அகலமும் தீர்ந்துபோகும்போது உலக சம்பியனின் கையும் எங்கள் கையும் ஒன்றுதான். கார் வீதி நடுவிலிருந்த இடப்பக்கம் செல்லச் சொல்லும் கம்பத்தில் இடித்து, எதிரே வந்த பெட்போர்ட் லொறியில் உரசி, மரத்தில் போய் முட்டியது. ஆசனப் பட்டி அந்தக் காலத்துப் பெரும்பாலான கார்களில் இல்லை.

மரண விசாரணையில் தற்செயலான மரணம் என்று தீர்ப்பு வந்தது. இருவரும் போட்டிக்கு ஓடினார்களா என்ற கேள்விக்கு வோக்கர் அன்று பிடிகொடுக்கவில்லை. ஆம், ஓடினோம் என்று அவர் வெளியே சொல்லப் பல பத்து வருடங்கள் சென்றன. இறந்துபோன நண்பனின் பெயருக்காகவா, தன் பாதுகாப்புக்காகவா, இரண்டுக்குமாகவா அந்த மௌனம் என்பதை வாசகர்களே தீர்மானிக்கட்டும். ஹோதோர்னைப் பார்ன்ஹாமில், வெஸ்ற் ஸ்ரீற் மயானத்தில் புதைத்தார்கள்.

அந்த வருடம் ஒக்ரோபரில் ஜாகுவார் அதே காரின் அடுத்த பதிப்பை வெளியிட்டது. மார்க் 2 என்று பெயர். பெரிய யன்னல்கள், புதிய உட்புறம் என்று விளம்பரங்கள் பேசின. அதன் பின்சில்லுகளுக்கு இடையிலான அகலம் பழைய காரைவிட மூன்றேகால் அங்குலம் கூட்டப்பட்டிருந்தது. ஒரு காரை ஒன்பது மாதத்தில் புதிதாக வரைந்து, செய்து, கடைக்குக் கொண்டுவர முடியாது. கில்ட்போர்ட்டில் அந்த மரத்தில் கார் மோதிய அன்றைக்கே, அகன்ற பின் அச்சின் வரைபடம் தொழிற்சாலையில் எங்கேயோ ஒரு மேசையில் விரித்துக் கிடந்திருக்கவேண்டும்.